கொய்யாவைக் கொறிப்பது யார்? வீட்டுத் தோட்டப் பழங்களைப் பாதுகாக்கும் முறைகள்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேகல் வட்டத்தைச் சேர்ந்த பொம்மசந்திரா அமைந்துள்ளது. ஒரு காலத்தில் கேழ்வரகு வயல்கள் சூழ்ந்திருந்த இச்சிற்றூர், இன்று பெரிய தொழிற்பேட்டையாக வளர்ந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர் மெட்ரோ இரயிலின் மஞ்சள் வழித்தடமும் இவ்வூர் வரை வந்து சேர்ந்தது. ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே எஞ்சியுள்ள வீட்டு மனைகளில் கொய்யா, சப்போட்டா, மாதுளை, மா ஆகிய மரங்களை மக்கள் இன்றும் விரும்பி வளர்க்கின்றனர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இப்பீடபூமியின் மிதமான தட்பவெப்பம் இம்மரங்களுக்கு மிகவும் உகந்ததாகும்.

மரம் வைத்தவர் மூன்று நான்கு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறார். பூ பூக்கிறது, பிஞ்சு பிடிக்கிறது, காய் பருக்கிறது. நாளை பறிக்கலாம் என்று அவர் எண்ணியிருக்கும் பழம், காலையில் பார்த்தால் பாதி தின்னப்பட்டுத் தரையில் கிடக்கிறது. நல்ல பழமென்று பறித்ததை அறுத்தால், உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. சினங்கொண்டவர் சிலர் நஞ்சு வைக்கின்றனர். சிலர் மெல்லிய நைலான் வலையை மரத்தின்மேல் வீசிவிடுகின்றனர். வேறு சிலர் மரத்தையே வெட்டிவிடுகின்றனர். இம்மூன்றும் தேவையற்றவை, முதல் இரண்டும் ஆபத்தானவை. பழத்தைச் சேதப்படுத்துவது எது என்பதைச் சரியாக அறிந்துகொண்டால், அதற்கேற்ற எளிய பாதுகாப்பு முறை ஒன்று பெரும்பாலும் உண்டு. கிராமங்களிலும் நகர்ப்புறங்களிலும் மக்களைச் சந்தித்து ஆலோசனை கூறும் ஊழியர்களும், பள்ளித் தோட்டங்களை நடத்தும் ஆசிரியர்களும் அம்முறைகளைத் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

சேதத்தின் அடையாளங்கள்

மருத்துவர் நோயை அறிந்த பின்னரே மருந்து தருகிறார். பழமரத்திற்கும் இவ்விதி பொருந்தும். சேதமுற்ற பழத்தைக் கையிலெடுத்துக் கவனமாகப் பார்த்தால் வந்து போனவர் யார் என்பது விளங்கும்.

பழத்தின் மீது இணையான சிறு பள்ளங்களாகப் பற்தடங்கள் காணப்பட்டு, சதை ஓரத்திலிருந்து சுரண்டப்பட்டிருந்தால் அது அணிலின் வேலை. தென்னிந்தியாவில் பெரிதும் காணப்படுவது முதுகில் மூன்று கோடுகளையுடைய அணிலாகும். இது பகலில் மட்டுமே நடமாடும். இதைப் போன்ற தடங்கள் இரவில் தோன்றினால், மரமேறும் எலியைச் சந்தேகிக்க வேண்டும்.

காயாக இருக்கும்போதே கடிக்கப்பட்டு, ஒரு வாய் மட்டும் தின்னப்பட்டு, பல காய்கள் மரத்தடியில் சிதறிக் கிடந்தால் அது பச்சைக்கிளியின் செயல். கிளி தின்பதைவிட வீணாக்குவதே அதிகம். கொண்டைக்குருவி, குக்குறுவான், மைனா, குயில் ஆகியவை பெரும்பாலும் கனிந்த பழத்தையே நாடுகின்றன. அவை பழத்தில் குழி பறித்தாற்போல் கொத்தித் தின்று, தோலைக் கிண்ணம் போல் விட்டுச் செல்கின்றன.

மாலையில் முழுமையாக இருந்த பழம் காலையில் மரத்திலேயே காணப்படாமல், வீட்டுத் தாழ்வாரத்திலோ அடுத்த மரத்தடியிலோ மென்று துப்பிய சக்கையும் விதையும் கிடந்தால், வந்தது பழந்தின்னி வௌவால். சிறிய வகை வௌவால் பழத்தைக் கவ்வி எடுத்துச் சென்று, வேறோர் இடத்தில் தொங்கிக்கொண்டு சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும்.

பழத்தின் மேற்பரப்பில் குண்டூசி நுழைந்தது போன்ற புள்ளி காணப்பட்டு, அதைச் சுற்றிலும் சதை மிருதுவாகி, உள்ளே கால்களற்ற வெண்புழுக்கள் இருந்தால் அது பழ ஈ. மாதுளையில் துளையும், துளையைச் சுற்றிக் கழிவும், துர்நாற்றமும் இருந்தால் அது மாதுளை வண்ணத்துப்பூச்சியின் புழு. ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழங்களில் இரவில் வட்டமான சிறு துளை தோன்றி, அவ்விடம் அழுகத் தொடங்கினால் அது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. இப்பூச்சியின் புழு சீந்தில் கொடியின் இலைகளைத் தின்று வளர்கிறது. ஆகவே தோட்ட வேலியில் படர்ந்துள்ள சீந்திற்கொடியைக் கவனித்தல் வேண்டும்.

காலத்தில் பறிப்பதே முதற் பாதுகாப்பு

பழங்கள் முதிரும் விதத்தைக் கொண்டு அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். மா, சப்போட்டா, வாழை, பப்பாளி, சீத்தா ஆகியவை முற்றிய காயாகப் பறிக்கப்பட்ட பின்னும் தாமாகக் கனியும் இயல்புடையவை. திராட்சை, மாதுளை, எலுமிச்சை இனங்கள் ஆகியவை மரத்திலோ கொடியிலோ இருக்கும்போதே இனிமை பெற வேண்டும். பறித்த பின் அவற்றின் இனிப்பு கூடுவதில்லை.

இவ்வேறுபாடு பாதுகாப்புக்கு அடிப்படையாகும். முதல் வகைப் பழங்களை மரத்திலேயே கனிய விடுவது, பறவைகளுக்கும் வௌவாலுக்கும் அழைப்பு அனுப்புவதற்கு ஒப்பாகும். மாங்காயின் காம்பை ஒட்டிய தோள்பகுதி, காம்பு பொருந்தும் இடத்தைவிட உயர்ந்து பருத்திருந்தால் காய் முற்றிவிட்டது எனக் கொள்ளலாம். மரத்தில் ஒன்றிரண்டு பழங்கள் தாமாகக் கனிந்து உதிரத் தொடங்குவதும் ஓர் அறிகுறி. அப்போதே காய்களைக் காம்புடன் பறித்து, வைக்கோலில் அடுக்கிக் கனிய வைக்கலாம்.

சப்போட்டாவில் முதிர்ச்சியை அறிவது சற்றுக் கடினம். காயின் மேலுள்ள பழுப்பு நிறத் தூள் போன்ற செதில்கள் உதிர்ந்து தோல் வழுவழுப்பாக இருத்தல், நகத்தால் இலேசாகக் கீறினால் பச்சைக்குப் பதில் மஞ்சள் கோடு தோன்றுதல், பால் குறைந்து நீர்த்திருத்தல் ஆகியவை முதிர்ச்சியின் அடையாளங்கள். இந்நிலையில் பறித்தால் சில நாட்களில் வீட்டிற்குள்ளேயே கனியும். கொய்யாவையும் கரும்பச்சை மாறி இளமஞ்சள் கலக்கத் தொடங்கும்போதே பறித்துவிடலாம். ஒரு காசும் செலவில்லாத இம்முறையைச் சரியாகக் கைக்கொண்டாலே, சேதத்தில் கணிசமான பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

பழ ஈயும் பூசாவில் கண்டறிந்த உண்மையும்

கண்ணுக்குத் தெரியும் அணிலையும் கிளியையும் விரட்டுவோர், உண்மையில் பேரிழப்பை உண்டாக்கும் பழ ஈயைக் கவனிப்பதில்லை. வீட்டு ஈயைவிடச் சற்றே வேறுபட்ட தோற்றமும் கண்ணாடி போன்ற சிறகுகளும் உடைய இச்சிறு பூச்சி, கனியத் தொடங்கும் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. ஓரிரு நாட்களில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்று வளர்கிறது. முழு வளர்ச்சியடைந்த புழு, பழம் உதிர்ந்ததும் வெளியேறி, மண்ணில் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. ஏறத்தாழப் பத்து நாட்களில் புதிய ஈ வெளிவருகிறது. இவ்வாறு ஒரு பருவத்திலேயே பல தலைமுறைகள் தோன்றிவிடுகின்றன. கோடை மழைக்குப் பின்னர் இதன் பெருக்கம் மிகுதி. மழைக்காலக் கொய்யா முழுவதும் புழுவாகிப் போவதற்கு இதுவே காரணம்.

இந்த ஈயின் தாக்குதல் எவ்வளவு பெரிய விளைவுகளை உண்டாக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். இந்தியாவிலிருந்து வந்த சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டதால், 2014ஆம் ஆண்டு மே மாதம் முதல் நம் நாட்டு மாம்பழங்களையும் நான்கு வகைக் காய்கறிகளையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. மாம்பழத்தின் மீதான தடை 2015ஆம் ஆண்டு ஜனவரியில்தான் நீங்கியது.

பழ ஈயை அடக்கும் வழிக்கு வித்திட்ட கண்டுபிடிப்பு நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1905ஆம் ஆண்டு பீகாரிலுள்ள பூசாவில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றிய எஃப். எம். ஹௌலெட் என்பவர் ஒரு விந்தையைக் கண்டார். கொசுவை விரட்டுவதற்காகக் கைக்குட்டையில் தெளித்திருந்த சிட்ரனெல்லா என்னும் புல்லெண்ணெயை நாடி, பழ ஈக்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. வந்தவை யாவும் ஆண் ஈக்களே. இதனை அவர் 1912ஆம் ஆண்டு வெளியிட்டார். ஈக்களை ஈர்க்கும் பொருள் மெதில் யூஜினால் என்பதையும் 1915ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்.

இக்கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் கழித்துப் பெரும் பயனளித்தது. பசிபிக் மாக்கடலிலுள்ள ரோட்டா என்னும் தீவில், 1960களின் தொடக்கத்தில், மெதில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊட்டிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவினர். ஆண் ஈக்கள் அழிந்தன. இணை கிடைக்காத பெண் ஈக்களால் இனத்தைப் பெருக்க இயலவில்லை. தீவில் அவ்வகைப் பழ ஈயே இல்லாது போயிற்று. ஜப்பானின் தென்பகுதித் தீவுகளிலும் இம்முறை வெற்றி கண்டது.

இன்று பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மெதில் யூஜினால் பொறிகளை மா, கொய்யாத் தோட்டங்களுக்குச் சிபாரிசு செய்கின்றன. ஈர்ப்புப் பொருள் ஊட்டிய சிறு மரத்துண்டைப் பிளாஸ்டிக் குப்பிக்குள் தொங்கவிடுவதே இப்பொறி. காய்கள் முற்றத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே, மரத்தின் நிழற்பகுதியில், ஓர் ஆள் உயரத்தில் இதனைக் கட்ட வேண்டும். மரத்துண்டில் பூச்சிக்கொல்லியும் உள்ளதால் குழந்தைகள் தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொறியின் இயல்பைப் பற்றி ஒன்றை மக்களுக்கு விளக்குதல் அவசியம். பொறியில் நூற்றுக்கணக்கான ஈக்கள் விழுவதைக் கண்டு மகிழ்ந்து, பழம் காப்பாற்றப்பட்டதாக எண்ணிவிடக் கூடாது. விழுபவை ஆண் ஈக்கள். பழத்தைத் துளைப்பவை பெண் ஈக்கள். அடுத்த வீட்டு மரத்தடியில் அழுகிய பழங்கள் கிடக்குமானால், ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈக்கள் அங்கிருந்து பறந்து வரும். எனவே ஒரு வீட்டில் வைக்கும் தனிப் பொறியால் அதிகப் பயன் விளையாது. தெரு முழுவதும் ஒரே சமயத்தில் பொறி வைத்து, உதிர்ந்த பழங்களை அகற்றினால்தான் நல்ல பலன் கிட்டும். இங்கேதான் ஊழியரின் தொண்டு தேவைப்படுகிறது.

உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியில் புதைத்து மண்ணை மிதித்துவிட வேண்டும். அல்லது காற்றுப் புகாத கெட்டியான பையில் கட்டிச் சில நாட்கள் வெயிலில் போட்டுவிடலாம். மேலாகக் குப்பைக்குழியில் எறிவது பழ ஈயைப் பண்ணை வைத்து வளர்ப்பதாகும். மரத்தடி மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் எறும்புக்கும் இரையாகும்.

உறையிடுதல்

சில பத்துக் காய்களே உள்ள வீட்டு மரத்திற்குத் தனித்தனியே உறையிடுவதைவிடச் சிறந்த முறை வேறில்லை. கொய்யாப் பிஞ்சு சிறு எலுமிச்சை அளவு பருத்ததும், மாங்காய் கோழி முட்டை அளவு அடைந்ததும் உறையிடலாம். பழுப்புநிறக் காகிதப் பை, பழைய மெல்லிய துணியில் தைத்த பை ஆகியவை ஏற்றவை. பிளாஸ்டிக் பையானால் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இடவேண்டும். உறையிடும் முன் காயில் மாவுப்பூச்சி, செதிற்பூச்சி ஆகியவை உள்ளனவா என்று பார்த்துத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அவை உள்ளேயே பாதுகாப்பாகப் பெருகும். பையின் வாயைக் காம்பைச் சுற்றி மூடிக் கட்ட வேண்டும். ஆனால் காம்பு நசுங்குமாறு இறுக்கலாகாது.

மாதுளை வண்ணத்துப்பூச்சி பூவின் மீதும் இளம் பிஞ்சின் மீதும் முட்டையிடுவதால், மாதுளைக்குத் தாமதமின்றிப் பிஞ்சிலேயே உறையிட வேண்டும். துளைபட்ட காய்களை மரத்தில் விட்டுவைக்காமல் பறித்து அழித்துவிட வேண்டும்.

பழ ஈ, வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி, சிறு பறவைகள் ஆகிய யாவற்றிலிருந்தும் உறை காக்கும். காகிதத்தையும் துணியையும் அணில் கடித்துவிடும் என்பது உண்மையே. அணில் தொல்லை மிகுந்த இடங்களில், மெல்லிய கம்பி வலையால் செய்த சிறு கூண்டுகளைக் காயின் மேல் மாட்டலாம். அவற்றைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப உபயோகிக்க முடியும்.

அணிலைத் தடுத்தல்

இராமபிரானுக்கு அணை கட்ட உதவியதால் முதுகில் கோடு பெற்றது என்று கதை கூறி, அணிலை அன்புடன் நோக்குவது நம் மரபு. அதே அணில் சப்போட்டாவைக் கொறிக்கும்போது கல்லெடுப்பவரும் உண்டு. இரண்டிற்கும் இடையே அறிவார்ந்த வழியொன்று உள்ளது.

அணில் மரத்தை அடைவதற்கு இரண்டு பாதைகளே உண்டு. ஒன்று அடிமரத்தின் வழியாக ஏறுதல். மற்றொன்று சுவர், கூரை, கம்பி, பக்கத்து மரக்கிளை ஆகியவற்றிலிருந்து தாவுதல். முதலில் இரண்டாவது பாதையை அடைக்க வேண்டும். பழமரத்தின் கிளைகள் பிற பொருள்களிலிருந்து குறைந்தது ஏழெட்டு அடி விலகியிருக்குமாறு கழித்துவிட வேண்டும். பின்னர் அடிமரத்தில் ஐந்தடி உயரத்திற்கு மேல், ஏறத்தாழ இரண்டடி அகலமுள்ள வழுவழுப்பான துத்தநாகம் பூசிய தகட்டைச் சுற்றிக் கட்ட வேண்டும். நகம் பதியாததால் அணிலும் எலியும் அதன்மேல் ஏற இயலாது. தென்னந்தோப்புகளில் எலிக்காகத் தகடு கட்டுவதும் இம்முறையிலேயே ஆகும். தகட்டை ஆணியால் அறையாமல் கம்பிச் சுருளால் பிணைத்து, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் பட்டை நெரிந்து மரம் நலியும்.

கிளைகள் நெருங்கியிருக்கும் சிறு மனைகளில் இம்முறை இயலாது. அங்கே கூண்டும், காலத்தில் பறிப்பதுமே கைகொடுக்கும். எலிக்கென்று நஞ்சு வைப்பதும், பசைத் தட்டு வைப்பதும் கூடாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் மடிகின்றன. பசையில் அணிலும் ஓணானும் சிட்டும் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் துடித்துச் சாகின்றன. குழந்தைகள் விளையாடும் தோட்டத்தில் நஞ்சுக்கு இடமே இல்லை.

பறவைகளும் வலையும்

பறவைகளைப் பகைவரென்று கொள்ளுமுன் அவற்றின் கணக்கு முழுவதையும் பார்த்தல் வேண்டும். ஹௌலெட்டின் கட்டுரை வெளிவந்த அதே 1912ஆம் ஆண்டில், பூசா நிலையத்திலிருந்து மேசன், மாக்ஸ்வெல் லெஃப்ராய் ஆகிய இருவரும் இந்தியப் பறவைகளின் உணவைப் பற்றிய ஆராய்ச்சி நூலொன்றை வெளியிட்டனர். பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து, எவ்வினம் எதை உண்கிறது என்று கணக்கிட்ட நூல் அது. பழம் கொத்தும் மைனாவும் கொண்டைக்குருவியும் தம் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளை ஊட்டுகின்றன. மழைக்காலத்தில் மரத்தைக் காப்பவையும் அவையே.

இக்கணக்கைப் பாராமல் நடந்ததன் விளைவைச் சீன நாட்டில் காணலாம். 1958ஆம் ஆண்டு அங்கே தானியம் தின்னும் சிட்டுக்குருவிகளை ஒழிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. பூச்சிகளை உண்ணும் குருவிகள் மறைந்ததால் பூச்சிகள் பெருகின. 1960ஆம் ஆண்டு ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, அவ்விடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர்.

பறவைகளை அச்சுறுத்தப் பல சாதனங்கள் உண்டு. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியும் பூசிய பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால், அது வெயிலில் மின்னுவதோடு காற்றில் ஒலியும் எழுப்புகிறது. 1980களில் இந்தியா, வங்காளதேசம், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் இந்நாடா பயிர்களில் சோதிக்கப்பட்டது. இது கொல்லாமல் விரட்டும் முறை, செலவும் குறைவு. ஆயினும் எந்த அச்சுறுத்தும் பொருளுக்கும் பறவைகள் நாளடைவில் பழகிவிடுகின்றன. ஆகவே பழம் கனியத் தொடங்கும்போது மட்டும் கட்டி, மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை இடம் மாற்றி, பறிப்பு முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அணிலுக்கும், இரவில் வரும் வௌவாலுக்கும் இதனால் பயனில்லை.

பெங்களூர், கோலார், சிக்கபல்லாபூர் பகுதிகளில் விளையும் பெங்களூர் நீலத் திராட்சை 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. திராட்சை கொடியிலேயே இனிக்க வேண்டியதாகையால் அதற்கு வலையே தக்க காப்பு. ஆனால் வலையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்தினால், பறவையின் காலும் வௌவாலின் சிறகும் பாம்பின் உடலும் அதில் சிக்கிக்கொள்கின்றன. திமிறத் திமிற நூல் சதையை அறுக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதன் பொருட்டே சட்டம் இயற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களுக்கு இடும் வலையின் கண் முழுதும் இழுத்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது அங்கே விதி. வலைக்கண்ணில் விரல் நுழையுமானால் அவ்வலை ஆகாது என்று எளிதில் நினைவிற்கொள்ளலாம்.

வலை வெண்ணிறமாக இருந்தால் இரவிலும் பிராணிகளின் கண்ணுக்குத் தெரியும். மூங்கில் அல்லது குழாய்ச் சட்டத்தின் மேல் அதனை விறைப்பாக இழுத்துக் கட்டி, அடியில் இடைவெளியின்றி மூட வேண்டும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் வரவேண்டியிருப்பதால், பிஞ்சு பிடித்த பின்னரே வலையிட வேண்டும். காலையும் மாலையும் வலையைச் சுற்றிப் பார்த்து, ஏதேனும் சிக்கியிருந்தால் விடுவிக்க வேண்டும். பெருமரத்தை முழுதும் மூடுவது இயலாத காரியம். ஆண்டுதோறும் கவாத்துச் செய்து, கொய்யாவை ஏழெட்டு அடி உயரத்திற்குள் வைத்துக்கொண்டால் வலையிடுதல், உறையிடுதல், பறித்தல் மூன்றும் எளிதாகும்.

வௌவாலைப் பற்றிய உண்மைகள்

பழந்தின்னி வௌவாலைப் போல வெறுக்கப்பட்ட பிராணிகள் சிலவே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், எலி, காகம் ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவாலும் தீங்குயிரிகளின் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வட்டவணையையே நீக்கிவிட்டது. இத்திருத்தம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மக்களுக்கு நினைவூட்டுதல் வேண்டும்.

இலுப்பை, இலவு முதலிய மரங்களின் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடைபெற வௌவால் துணை செய்கிறது. பல காட்டு மரங்களின் விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசென்று பரப்புகிறது. இவ்வுண்மையை ஆராய்ச்சி கூறுவதற்கு முன்பே சில கிராமத்தார் உணர்ந்திருந்தனர் போலும். மதுரையை அடுத்த புளியங்குளத்தில் ஆலமரத்தில் வாழும் வௌவால்களைத் தெய்வத்தின் காவலில் உள்ளவை எனக் கருதி ஊரார் போற்றி வருகின்றனர். அவை மிரளும் என்று தீபாவளியில் வெடி வெடிக்காத ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு.

கொன்றால் பழம் மிகுமா என்பதற்கு மொரீஷியஸ் தீவின் அனுபவம் விடை கூறும். லீச்சியையும் மாம்பழத்தையும் தின்கின்றன என்று 2015, 2016ஆம் ஆண்டுகளில் அங்கே பல்லாயிரம் பழந்தின்னி வௌவால்கள் அரசாங்கத்தாரால் கொல்லப்பட்டன. எதிர்பார்த்தவாறு பழ விளைச்சல் பெருகவில்லை. அத்தீவுக்கே உரிய அவ்வினம் அருகிவிட்டதால், 2018ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவித்தது.

அணில் கடித்த பழம் இனிக்கும்

அணில் கடித்த பழமும் கிளி கொத்திய பழமும் தனி இனிமையுடையவை என்னும் நம்பிக்கை நம்மிடையே ஊறிப்போனது. நன்கு கனிந்த பழத்தையே அப்பிராணிகள் தேர்ந்தெடுக்கின்றன என்பதால் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. சிறுவர்கள் மரத்தடியில் கிடக்கும் பழத்தைத் துடைத்துத் தின்பது எங்கும் காணும் காட்சி.

இப்பழக்கத்தை இன்று கைவிட வேண்டியுள்ளது. நிபா என்னும் கொடிய நோய் 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வங்காளதேசத்தில், வௌவால் வாய்வைத்த ஈச்சம்பதநீரைக் காய்ச்சாமல் பருகியதால் இது பரவியது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் தோன்றிப் பலரைப் பலிகொண்டது. பின்னரும் அம்மாநிலத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியுள்ளது. இந்நோய்க் கிருமியின் இயற்கை உறைவிடம் பெரிய பழந்தின்னி வௌவால்களாகும். அவற்றின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் கிருமி இருக்கக்கூடும்.

பாதி தின்ற பழத்தைப் பார்த்து, கடித்தது பகலில் அணிலா, இரவில் வௌவாலா என்று சிறுவர்களால் பிரித்தறிய இயலாது. ஆகவே பல்லோ அலகோ பட்ட எப்பழத்தையும் உண்ணலாகாது என்பதே பாதுகாப்பான விதி. முழுப்பழத்தையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவித் தோல் சீவி உண்ண வேண்டும். கடிபட்ட பழங்களை அகற்றுபவர் கையுறை அணிந்தோ, அகற்றிய பின் சோப்பினால் கை கழுவியோ வேலையை முடிக்க வேண்டும். இதற்காக வௌவால் தங்கும் மரத்தைப் புகையூட்டுவதும் வெட்டுவதும் தீங்கையே விளைவிக்கும். கலைக்கப்பட்ட வௌவால்கள் வேறு குடியிருப்புகளை நாடிச் செல்லும்.

பள்ளித் தோட்டத்தில் செய்து பார்க்க

ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு மூன்று எளிய சோதனைகளைச் செய்யலாம். முதலாவதாக, ஒரே அளவுள்ள இருபது கொய்யாப் பிஞ்சுகளைத் தேர்ந்தெடுத்துச் சீட்டுக் கட்டி, பத்தினை உறையிட்டும் பத்தினை உறையின்றியும் விட்டுவிடுக. பறிக்கும் காலத்தில் நல்ல பழங்களை எண்ணி ஒப்பிட்டால், விளைவைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

இரண்டாவதாக, பழ ஈ தாக்கி உதிர்ந்த, கடிபடாத பழங்களை அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் ஈர மணல் மேல் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுக. புழு மணலில் இறங்குவதையும், இரண்டு மூன்று வாரங்களில் ஈ வெளிவருவதையும் மாணவர் கண்ணாரக் காண்பர். உதிர்ந்த பழத்தைப் புதைப்பது எதற்கு என்று அதன் பின்னர் அவர்களுக்கு யாரும் கூறத் தேவையில்லை.

மூன்றாவதாக, ஒரு மாத காலம் நாள்தோறும் காலையில் மரத்தடியைப் பார்வையிட்டு, கையால் தொடாமல், சேதத்தின் அடையாளத்தைக் கொண்டு காரணத்தைக் குறித்து வரச் செய்க. பெருஞ்சேதம் செய்தது எது என்பது மாதக் கடைசியில் வெளிப்படும். எல்லாக் குற்றமும் அணிலின் மேல் சுமத்தப்படுவது பல தோட்டங்களில் சரியன்று என்பது அப்போது தெரிய வரும்.

பறவைகளுக்கென்று வேறு மரம் வைப்பதும் சிலருக்கு உகந்த வழியாகும். பெங்களூர்த் தெருக்களில் நிழல் தரும் கசகசாப் பழமரம் ஆண்டில் பெரும்பகுதி சிறு பழங்களைத் தருகிறது. குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அதனை விரும்பி நாடுகின்றன. இதனால் மட்டும் தோட்டத்துப் பழம் முழுதும் காக்கப்படும் என்று எதிர்பார்க்கலாகாது. பழமரத்தை ஒட்டி வைத்தால் பறவைகளின் வரவு கூடவும் கூடும். தோட்டத்தின் மறுகோடியிலோ சாலையோரத்திலோ வைப்பதே பொருத்தம்.

முற்றியதைக் காலத்தில் பறித்தல், உதிர்ந்ததை அன்றே புதைத்தல், எஞ்சியதற்கு உறையிடுதல், தெருவார் ஒன்றுகூடிப் பொறி வைத்தல் ஆகிய நான்கும் எளியவர் கைக்கும் எட்டுபவை. இவற்றைச் செய்த பின்னரும் உச்சிக் கிளையில் கைக்கெட்டாத சில பழங்கள் எஞ்சும். அவற்றைக் கிளிக்கும் அணிலுக்கும் விட்டுவிடுவதால் வீட்டார்க்கு நட்டமொன்றுமில்லை.